விண்வெளியில் ஆயுதம்: எதற்குத் தடை, எதற்குத் தடை இல்லை?

விண்வெளியில் ஆயுதம் வைக்கக் கூடாது என்று உலக நாடுகள் எப்போதோ ஒப்பந்தம் போட்டுவிட்டதாகத்தான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மை.

1967-இல் கையெழுத்தான விண்வெளி ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவில் இருப்பவை இரண்டே தடைகள். அணு ஆயுதங்களையோ வேறு பேரழிவு ஆயுதங்களையோ பூமியைச் சுற்றும்படி நிறுத்தக் கூடாது, வேறெந்த வகையிலும் விண்வெளியில் வைக்கக் கூடாது. நிலவிலும் பிற கோள்களிலும் ராணுவத் தளம், ஆயுதச் சோதனை, போர்ப் பயிற்சி எதுவும் கூடாது. அவ்வளவுதான். பூமியைச் சுற்றிவரும் ஒரு கலத்தில் பீரங்கி வைத்தால்? அந்தப் பிரிவு எதுவும் சொல்லவில்லை. லேசர் வைத்தால்? அதற்கும் பதில் இல்லை. தரையிலிருந்து ஏவுகணை விட்டு மேலே போகும் செயற்கைக்கோளை உடைத்தால்? அதுவும் அந்தப் பிரிவின் கைக்கு எட்டாத விஷயம். அணுகுண்டைச் சுமந்த கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை விண்வெளி வழியாகத்தான் போகிறது. ஆனால் அது அங்கே நிற்பதில்லை, கடந்து போகிறது. அதனால் அதற்கும் தடை கிடையாது.

இந்த ஓட்டை கவனக்குறைவால் விழுந்தது அல்ல. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் எதை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தனவோ அதை மட்டும் எழுதிக்கொண்டன. அணுகுண்டை விட்டுக்கொடுக்க அவை தயாராக இருந்ததற்கு ஒரு காரணம், ஐந்து ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சோதனை.

1962 ஜூலை 9. பசிபிக் கடலில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா 1.4 மெகாடன் அணுகுண்டு ஒன்றை வெடித்தது. அந்தச் சோதனைக்கு ஸ்டார்ஃபிஷ் பிரைம் என்று பெயர். 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன, திருட்டு எச்சரிக்கை மணிகள் தாமாக அலறின. வெடிப்பில் பிறந்த மின்காந்த அதிர்வின் வேலை அது. அதைவிட மோசமானது பிறகு தெரியவந்தது. வெடிப்பில் சிதறிய எலக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்தில் சிக்கி, மாதக்கணக்கில் ஒரு கதிர்வீச்சு வளையமாகவே தங்கிவிட்டன. பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளான ஏரியல்-1 பழுதானது. சோதனைக்கு மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளும் அந்தக் கதிர்வீச்சில் அடிவாங்கிச் சில மாதங்களில் முடங்கியது. அமெரிக்காவின் குண்டு அமெரிக்காவின் செயற்கைக்கோளையே கெடுத்தது. விண்வெளியில் அணுகுண்டு வெடித்தால் எதிரி, நண்பன், தன் சொத்து என்ற வேறுபாடு பார்க்காது என்பது இரு தரப்புக்கும் புரிந்தது. 1963-இல் வந்த அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் விண்வெளியில் இத்தகைய சோதனைகளை நிறுத்தியது. 1967 ஒப்பந்தம் அங்கே குண்டை நிறுத்தி வைப்பதையும் தடுத்தது.

மற்றவை எல்லாம் திறந்தே விடப்பட்டன.

ராணுவம் வேறு, ஆயுதம் வேறு

விண்வெளி அமைதியான இடமாக இருந்தது, இப்போதுதான் ராணுவம் நுழையப் பார்க்கிறது என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். அது சரியல்ல. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை 1957-இல் தூக்கிச் சென்ற ராக்கெட்டே அணுகுண்டு சுமப்பதற்காக வடிவமைத்த ஏவுகணைதான். 1960-இலேயே அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் சோவியத் நிலப்பரப்பைப் படமெடுத்து, படச்சுருளைப் பாராசூட்டில் கீழே அனுப்பியது. நம் கைப்பேசியில் வழிகாட்டும் ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவம் தனக்காகக் கட்டியது. 1991 வளைகுடாப் போரில் பாலைவனத்தில் படைகள் வழி தவறாமல் நகர அதுதான் உதவியது.

ஆக, வேவு பார்ப்பது, தகவல் அனுப்புவது, ஏவுகணை கிளம்பியதும் எச்சரிப்பது போன்ற ராணுவ வேலைகள் தொடக்கத்திலிருந்தே அங்கே நடக்கின்றன. அவற்றை ஏறக்குறைய எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. உளவுச் செயற்கைக்கோள்கள் ஒருவிதத்தில் நல்லதும் செய்தன. எதிரியிடம் எத்தனை ஏவுகணை இருக்கிறது என்று மேலிருந்து எண்ண முடிந்ததால்தான் அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தங்களே சாத்தியமாயின. விவாதம் அடுத்த படியைப் பற்றியது: எதையாவது தாக்கவோ அழிக்கவோ கூடிய ஒன்றை அங்கே வைக்கலாமா?

வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1974-இல் சோவியத் யூனியன் ஏவிய சல்யூட்-3 வெளியே சொல்லப்பட்டபடி ஒரு விண்வெளி நிலையம். உள்ளே பார்த்தால் ராணுவ உளவு நிலையம். அதன் அடிவயிற்றில் விமானத்தில் வைக்கும் வகைப் பீரங்கி ஒன்றும் இருந்தது. நிலையத்தில் ஆட்கள் யாரும் இல்லாத நேரத்தில், 1975 ஜனவரியில், அதைச் சுட்டுப் பார்த்தார்கள். 1987-இல் போல்யூஸ் என்ற மாபெரும் கலம் கிளம்பியது. லேசர் ஆயுதத் திட்டம் ஒன்றின் முன்மாதிரி அது. சுற்றுப்பாதையை அடையும் முன் திரும்ப வேண்டிய அளவுக்கு மேல் சுழன்றுவிட்டதால், மேலே தள்ள வேண்டிய எஞ்சின்கள் அதைக் கீழே தள்ளிவிட்டன. பசிபிக்கில் விழுந்தது. பனிப்போரின் போக்கையே மாற்றியிருக்கக்கூடிய ஒன்று ஒரு திருப்பக் கணக்குப் பிசகில் கடலுக்குள் போனதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

மேலிருந்து குண்டு போட முடியாதா?

திரைப்படங்களில் பார்ப்பதுபோல் மேலே ஒரு செயற்கைக்கோள் நின்றுகொண்டு, பொத்தானை அழுத்தியதும் ஒரு நகரத்தின் மேல் குண்டைப் போடும் என்ற படம் நம் மனத்தில் ஊறிப்போயிருக்கிறது. இயற்பியல் அதற்கு ஒத்துழைப்பதில்லை.

சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் எங்கும் நிற்பதில்லை. நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் ஓடி, ஒன்றரை மணி நேரத்தில் பூமியைச் சுற்றிவிடுகிறது. ஒரு நகரத்தின் தலைக்கு மேல் அது இருப்பது சில நிமிடங்கள்தான். குண்டைக் கைவிட்டாலும் அது கீழே விழாது, செயற்கைக்கோளோடு சேர்ந்து அதுவும் சுற்றிக்கொண்டிருக்கும். கீழே கொண்டுவர ராக்கெட் வைத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில், தரைக்கடியில் ஒளித்து வைத்த ஏவுகணை அரை மணி நேரத்தில் உலகின் எந்த மூலைக்கும் போய்விடும். செலவு குறைவு, பழுதுபார்ப்பதும் எளிது.

அப்படியானால் விண்வெளியில் ஆயுதம் வைக்க ஏன் துடிக்கிறார்கள்? தரையைத் தாக்குவதற்காக அல்ல. எதிரியின் ஏவுகணையைத் தடுப்பதற்கும், எதிரியின் செயற்கைக்கோளைக் கெடுப்பதற்கும்.

முதலாவதில்தான் பெரும் பணம் புரள்கிறது. 1983 மார்ச் 23 அன்று அமெரிக்க அதிபர் ரீகன் தொலைக்காட்சியில் தோன்றி, அணு ஏவுகணைகளைப் பயனற்றவையாக்கும் கேடயம் ஒன்றை உருவாக்கப் போவதாக அறிவித்தார். 'நட்சத்திரப் போர்' என்று கேலிப்பெயர் பெற்ற திட்டம். ஏவுகணை கிளம்பி, அதன் எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும் மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குள் அதை மேலிருந்து அடித்துவிடலாம் என்பது அதன் அடிப்படை எண்ணங்களில் ஒன்று. அந்தச் சில நிமிடங்களில் ஏவுதளத்துக்கு அருகே ஓர் இடைமறிப்பான், அதாவது பாய்ந்து வரும் ஏவுகணையை வழியிலேயே அடிக்கும் ஆயுதம், இருந்தாக வேண்டும். விண்வெளியில் வைக்கும் இடைமறிப்பான்களோ பூமியைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். எந்த நேரத்திலும் பெரும்பாலானவை வேறு எங்கோ, கடலுக்கு மேலேயோ பூமியின் மறுபுறத்திலோ இருக்கும். சரியான இடத்தில் எப்போதும் ஒன்று இருக்க வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கில் மேலே ஏற்ற வேண்டும். எதிரி ஒரே நேரத்தில் பத்து ஏவுகணை விட்டால் ஆயிரக்கணக்கில் தேவைப்படும். இந்தக் கணக்கை எந்தத் தொழில்நுட்பமும் முழுதாக மாற்றிவிட முடியாது. ரீகனின் திட்டம் 1990-களின் தொடக்கத்தில் சுருங்கிப்போனதற்குச் சோவியத் யூனியன் கலைந்தது ஒரு காரணம், இந்தக் கணக்கு இன்னொரு காரணம்.

இப்போது அது திரும்பி வந்திருக்கிறது. 2025 மே மாதம் அதிபர் டிரம்ப் 'கோல்டன் டோம்' என்ற பெயரில் விண்வெளி இடைமறிப்பான்களும் அடங்கிய திட்டத்தை அறிவித்து, 175 பில்லியன் டாலர் ஆகும் என்றார். அதே மாதம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம், விண்வெளி இடைமறிப்பான்களுக்கு மட்டுமே இருபது ஆண்டுகளில் 161 முதல் 542 பில்லியன் டாலர் வரை ஆகலாம் என்று மதிப்பிட்டது. சட்டம் தடுக்குமா என்றால், தடுக்காது. விண்வெளியில் இத்தகைய தடுப்பு ஆயுதங்களை வைப்பதை வெளிப்படையாகத் தடை செய்திருந்தது 1972-இன் ஏவுகணைத் தடுப்பு ஒப்பந்தம். அதிலிருந்து அமெரிக்கா 2002-இல் விலகிவிட்டது.

ஆதரிப்பவர்களின் வாதத்தையும் சொல்ல வேண்டும். நம் செயற்கைக்கோள்களைத் தாக்கும் ஆயுதம் எதிரிகளிடம் ஏற்கெனவே இருக்கிறது, நாம் மட்டும் கை கட்டி நிற்பதால் அமைதி வராது என்கிறார்கள். ராக்கெட் செலவு பெருமளவு குறைந்துவிட்டதால் பழைய கணக்கு மாறிவிட்டது என்றும் சொல்கிறார்கள். செலவு குறைந்தது உண்மைதான். எதிர்ப்பவர்கள் வேறொன்றைக் காட்டுகிறார்கள். பாய்ந்து வரும் ஏவுகணையையே அடிக்கக்கூடிய இடைமறிப்பானுக்கு, குறித்த பாதையில் ஒழுங்காகப் போகும் செயற்கைக்கோளை அடிப்பது மிக எளிது. கேடயம் என்று நீங்கள் ஏற்றுவதை எதிரி வாளாகத்தான் பார்ப்பான். பதற்றமான நேரத்தில் முதலில் அடித்துவிடலாம் என்ற எண்ணம் இரு பக்கமும் வரும்.

உண்மையில் உடைந்தவை

இதுவரை விண்வெளியில் நிஜமாகச் சேதம் விளைவித்த ஆயுதங்களில் பெரும்பாலானவை விண்வெளியில் வைக்கப்பட்டவையே அல்ல. பூமியிலிருந்து போனவை.

1985-இல் அமெரிக்கா எஃப்-15 போர் விமானத்திலிருந்து ஏவுகணை விட்டுத் தன் செயற்கைக்கோள் ஒன்றை உடைத்தது. 2007 ஜனவரி 11 அன்று சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளான ஃபெங்யுன்-1சி-யைச் சுமார் 860 கிலோமீட்டர் உயரத்தில் தகர்த்தது. கண்காணிக்கக்கூடிய அளவுள்ள துண்டுகளே மூவாயிரத்துக்கு மேல். அந்த உயரத்தில் காற்று இல்லை என்றே சொல்லலாம், அதனால் துண்டுகள் கீழிறங்கப் பல பத்தாண்டுகள் ஆகும். இன்றும் பல சுற்றிக்கொண்டிருக்கின்றன. இவை மோதும் வேகம் நொடிக்குப் பத்து கிலோமீட்டரையும் தாண்டும், ஒரு சிறு உலோகத் துண்டே செயற்கைக்கோளை முடக்கிவிடும். 2008-இல் அமெரிக்கா கட்டுப்பாடிழந்த தன் உளவுச் செயற்கைக்கோளைக் கப்பலிலிருந்து அடித்தது. உயரம் குறைவு என்பதால் குப்பை விரைவில் எரிந்து போனது.

பிறகு இந்தியா. 2019 மார்ச் 27, மிஷன் சக்தி. ஒடிசா கடலோரத்தில் உள்ள அப்துல் கலாம் தீவிலிருந்து கிளம்பிய ஏவுகணை, சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் இருந்த மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோளை நேராக மோதித் தகர்த்தது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதை ஏவியிருந்தார்கள். சென்னையைச் சேர்ந்த மாணவர்கள் செய்த கலாம்சாட்டும் அதே ராக்கெட்டில்தான் போனது, அப்போது செய்திகளில் நாம் கொண்டாடியது கலாம்சாட்டை மட்டும். உயரம் குறைவு, 45 நாட்களில் துண்டுகள் எரிந்துவிடும் என்று இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. சொன்னது. பெரும்பாலானவை விரைவில் எரிந்தன. ஆனால் மோதலில் சில துண்டுகள் மேலே எறியப்பட்டு, சர்வதேச விண்வெளி நிலையத்தின் உயரத்தையும் தாண்டின. அதை அன்றைய நாசா தலைவர் ஜிம் பிரைடன்ஸ்டைன் வெளிப்படையாகக் கண்டித்தார். ஓராண்டுக்குப் பிறகும் சில துண்டுகள் மேலே இருந்தன.

இந்தியா ஏன் செய்தது? சீனாவின் 2007 சோதனை ஒரு காரணம். இன்னொன்று வரலாறு. 1967 ஜனவரி 1-க்கு முன் அணுகுண்டு வெடித்த நாடுகளை மட்டும் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் அணு ஆயுத நாடுகளாக ஏற்றது. 1974-இல் வெடித்த இந்தியா வெளியே நின்றது. செயற்கைக்கோள் எதிர்ப்பு ஆயுதத்துக்கும் அப்படி ஒரு கதவு அடைபடும் முன் உள்ளே போய்விட வேண்டும் என்ற கணக்கு தில்லியில் இருந்ததாகப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அது நம்பும்படியாகவே இருக்கிறது.

2021 நவம்பர் 15 அன்று ரஷ்யா தன் பழைய காஸ்மோஸ்-1408-ஐ உடைத்தது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகள். விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் ஆபத்து நேர்ந்தால் தப்பிக்கத் தங்கள் கலங்களுக்குள் போய் ஒடுங்கினார்கள். அவர்களில் இருவர் ரஷ்யர்கள்.

எது ஆயுதம்?

பேச்சுவார்த்தை முட்டி நிற்கும் இடம் இதுதான். அரிவாளை வைத்துத் தேங்காயும் வெட்டலாம், ஆளையும் வெட்டலாம். விண்வெளியில் ஏறக்குறைய எல்லாக் கருவிகளுமே அந்த ரகம்.

சீனாவின் ஷிஜியான்-21 என்ற செயற்கைக்கோள் 2022 ஜனவரியில் செத்துப்போன ஒரு வழிகாட்டிச் செயற்கைக்கோளைப் பிடித்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத உயரத்துக்கு இழுத்துச் சென்று விட்டது. பாராட்ட வேண்டிய துப்புரவு வேலை. உயிரோடு இருக்கும் அமெரிக்கச் செயற்கைக்கோளையும் அதே போல இழுத்துப் போகலாமே என்று அமெரிக்கா கவலைப்படுகிறது. அமெரிக்காவின் எக்ஸ்-37பி என்ற ஆளில்லா விண்விமானம் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் மேலே சுற்றிவிட்டு இறங்குகிறது. உள்ளே என்ன இருந்தது என்று முழுதாகச் சொல்வதில்லை, அதனால் ரஷ்யாவும் சீனாவும் சந்தேகப்படுகின்றன. இந்தியா 2025 ஜனவரியில் ஸ்பேடெக்ஸ் என்ற சோதனையின் மூலம் இரண்டு செயற்கைக்கோள்களை விண்வெளியில் இணைத்தது. நாளை நம் சொந்த விண்வெளி நிலையத்துக்கு அந்தத் திறமை இன்றியமையாதது. இன்னொரு நாட்டின் செயற்கைக்கோளை நெருங்குவதற்கும் தேவைப்படுவது அதே திறமைதான்.

உடைக்காமலே கெடுக்கவும் முடியும். 2022 பிப்ரவரி 24 அன்று, உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த அதே நாளில், கே.ஏ.-சாட் என்ற செயற்கைக்கோள் வலையமைப்பின் மீது இணையத் தாக்குதல் நடந்தது. மேலே இருந்த செயற்கைக்கோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே ஆயிரக்கணக்கான மோடம்கள் செயலிழந்தன, ஜெர்மனியில் காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்புகூட அறுந்தது. இதை விண்வெளி ஆயுதம் என்பதா, வேண்டாமா? அதே போரில் உக்ரைன் படைகள் ஸ்டார்லிங்க் என்ற தனியார் செயற்கைக்கோள் இணையத்தைப் பயன்படுத்தியபோது, போரில் உதவும் தனியார் செயற்கைக்கோள்கள் பதிலடிக்கு உரிய இலக்காகலாம் என்று ரஷ்யா ஐ.நா.வில் சொன்னது.

பொருளைத் தடுப்பதா, செயலைத் தடுப்பதா

2008-இல் ரஷ்யாவும் சீனாவும் ஜெனீவாவில் ஒரு வரைவு ஒப்பந்தத்தை வைத்தன, 2014-இல் திருத்தி மீண்டும் வைத்தன. விண்வெளியில் எந்த ஆயுதமும் வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். கேட்க நன்றாகவே இருக்கிறது. அமெரிக்கா மறுத்தது. மேலே போன கலத்துக்குள் என்ன இருக்கிறது என்று யார் போய்ப் பார்ப்பது? தவிர, தரையிலிருந்து ஏவும் செயற்கைக்கோள் எதிர்ப்பு ஏவுகணைகளைச் செய்து வைத்துக்கொள்வதற்கு அதில் தடை இல்லை. வரைவை முன்வைத்த சீனா, அதற்கு முந்தைய ஆண்டுதான் அப்படி ஓர் ஏவுகணையைச் சோதித்திருந்தது. அமெரிக்கா சொன்ன இந்தக் குறைகள் இரண்டும் நியாயமானவை. ஆனால் அமெரிக்காவும் தன் பங்குக்குக் கட்டுப்படுத்தும் மாற்று ஒப்பந்தம் எதையும் முன்வைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு வழி, பொருளை விட்டுவிட்டுச் செயலைத் தடுப்பது. ஏவுகணை விட்டுச் செயற்கைக்கோளை உடைத்தால் உலகமே பார்க்கும், துண்டுகளை எண்ணலாம், மறைக்க முடியாது. 2022 ஏப்ரலில் அமெரிக்கா இத்தகைய சோதனை இனிச் செய்ய மாட்டோம் என்று அறிவித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் பின்தொடர்ந்தன. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இதை வலியுறுத்திய தீர்மானத்தை 155 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா, சீனா உட்பட ஒன்பது நாடுகள் எதிர்த்தன. இந்த வழியிலும் குறை உண்டு. சோதனையைத்தான் தடுக்கிறது, ஏற்கெனவே சோதித்து முடித்தவர்களின் ஆயுதம் கிடங்கில் பத்திரமாக இருக்கும். இருந்தாலும் சரிபார்க்க முடிந்த சிறிய விதி, சரிபார்க்க முடியாத பெரிய விதியைவிட மேல் என்பது என் எண்ணம்.

2024 பிப்ரவரியில் பழைய பேய் மீண்டும் எழுந்தது. செயற்கைக்கோள்களை அழிக்க அணு ஆயுதம் ஒன்றை விண்வெளியில் வைக்க ரஷ்யா முயல்கிறது என்று அமெரிக்கா குற்றம் சாட்டியது. ரஷ்யா மறுத்தது. 1962-இல் மேலே இருந்தவை சில டஜன்கூட இல்லை, இன்று இயங்கும் செயற்கைக்கோள்கள் பத்தாயிரத்துக்கு மேல். அந்த ஏப்ரலில், 1967 ஒப்பந்தத்தின் கடமையை நினைவூட்டும் தீர்மானத்தை அமெரிக்காவும் ஜப்பானும் பாதுகாப்பு கவுன்சிலில் கொண்டுவந்தன. 13 நாடுகள் ஆதரித்தன, சீனா விலகி நின்றது, ரஷ்யா வீட்டோ போட்டது. பேரழிவு ஆயுதம் மட்டும் எதற்கு, எல்லா ஆயுதத்தையும் தடை செய்யலாமே என்று கேட்டு, மே மாதம் ரஷ்யா தன் தீர்மானத்தைக் கொண்டுவந்தது. ஏழு ஆதரவு, ஏழு எதிர்ப்பு, ஒன்று விலகல். அதுவும் தோற்றது.

2022 டிசம்பர் வாக்கெடுப்பில் இந்தியா விலகி நின்ற ஒன்பது நாடுகளில் ஒன்று. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்தான் வேண்டும், தாமாகச் செய்யும் உறுதிமொழிகள் அதற்கு மாற்றாகிவிடக் கூடாது என்பது இந்தியா பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் நிலை. கொள்கையளவில் தவறு சொல்ல முடியாது. ஆனால் அப்படியொரு ஒப்பந்தம் பக்கத்தில் எங்கும் தென்படவில்லை. 2019-க்குப் பிறகு இந்தியா இன்னொரு செயற்கைக்கோளை உடைக்கவும் இல்லை, இனி உடைக்க மாட்டோம் என்று சொல்லவும் இல்லை. செய்யாமலிருப்பதை வெளியே சொல்லிவிடுவதில் நமக்கு என்ன நட்டம் என்று எனக்குத் தெரியவில்லை. சீனா சொல்லாதவரை நாம் ஏன் சொல்ல வேண்டும் என்று தில்லியில் பதில் கேள்வி வரும்.